ஒரே திறப்பில் இரண்டு வேலை: டாக்டர் வெங்கடசாமியும் என் அம்மாவின் இடது கண்ணும்

சென்ற ஆண்டு ஒரு நாள் காலை, அரசு மருத்துவமனை ஒன்றின் கண் பிரிவில் என் அம்மாவோடு உட்கார்ந்திருந்தேன். பெஸ்தாரி ஜெயாவிலிருந்து விடியற்காலை ஐந்தரை மணிக்கே கிளம்பியிருந்தோம். அம்மாவுக்கு வயது 68. கோல சிலாங்கூர் வட்டாரத்துத் தோட்டம் ஒன்றில், லயத்து வீட்டில் பிறந்தவர். இளம் வயதில் பால்மரம் வெட்டினார். ரப்பர் மரங்கள் போய்ச் செம்பனை வந்த பிறகு உதிரிப் பழம் பொறுக்கினார். இந்த நாட்டின் முதல் வணிகச் செம்பனை 1917-இல் நடப்பட்ட தென்னமரம் தோட்டம் எங்கள் பக்கத்தில்தான் இருக்கிறது. அந்த மண்ணில் குனிந்தே நாற்பது ஆண்டுகளைக் கழித்தவர் அம்மா.

அவருடைய வலது கண்ணில் பார்வை போய்விட்டது. அந்தத் தவறு எங்களுடையது. தேநீரைக் கோப்பைக்கு வெளியே ஊற்றியபோதும், வலப்பக்கக் கதவு நிலையில் தோளை இடித்துக்கொண்டபோதும், வயதானால் வரும் புரைதானே என்று நினைத்தோம். புரை நன்றாக முற்றினால்தான் எடுப்பார்கள் என்று அக்கம்பக்கத்தில் சொன்னதைக் கேட்டு மூன்று ஆண்டுகள் காத்திருந்தோம். கடைசியில் டாக்டரிடம் காட்டியபோது, அந்தக் கண்ணில் புரை மட்டும் இல்லை, கண் அழுத்த நோயும் இருக்கிறது என்றார். கிளௌகோமா என்று சொல்வார்களே, அந்த நோய்தான். பார்வை நரம்பு ஏறக்குறைய முழுவதும் செத்துப்போயிருந்தது.

மிஞ்சியிருந்தது இடது கண். அதிலும் இரண்டு நோய்களும் தொடங்கியிருந்தன. ஆனால் நரம்பு இன்னும் பெரும்பாலும் நன்றாகவே இருந்தது. புரையை எடுக்கும்போதே, அதே திறப்பின் வழியாகக் கண்ணின் அழுத்தத்தைக் குறைக்கும் ஒரு சிறு சிகிச்சையையும் சேர்த்துச் செய்யலாம் என்று டாக்டர் சொன்னார். அம்மாவுக்குப் பயம். இருப்பது ஒரு கண், அதில் ஒரே நாளில் இரண்டு வேலை எதற்கு என்று என்னிடம் கேட்டார். எனக்கும் பதில் தெரியவில்லை.

எண் அழைக்கும்வரை கைப்பேசியில் படித்துக்கொண்டிருந்தேன். கண்புரை பற்றி எதைத் தேடினாலும் மதுரை என்ற ஊரும் ஒரு மனிதரின் பெயரும் திரும்பத் திரும்ப வந்தன. அவரைப் பற்றி முன்பே கேள்விப்பட்டிருக்கிறேன். ஆனால் முழுதாகப் படித்தது அந்த வாரத்தில்தான். மாணவர்களே, டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமியின் வாழ்க்கையை நான் அறிந்துகொண்டபடி உங்களுக்குச் சொல்கிறேன். அம்மாவின் கேள்விக்கு விடை எனக்கு அதில்தான் கிடைத்தது.

மணலில் எழுதிய சிறுவன்

எட்டயபுரத்துக்கு அருகே அயன் வடமலாபுரம் என்ற கிராமத்தில், 1918 அக்டோபர் 1-ஆம் தேதி ஒரு விவசாயக் குடும்பத்தில் வெங்கடசாமி பிறந்தார். ஐந்து பிள்ளைகளில் மூத்தவர். காலையில் எருமைகளை மேய்ச்சலுக்கு ஓட்டிவிட்டுத்தான் பள்ளிக்கு நடப்பார். தாளும் பென்சிலும் கிடையாது. ஆற்று மணலைப் பரப்பி, அதில் விரலால் எழுதித்தான் எழுத்தைக் கற்றார்.

அவர் சிறுவனாக இருந்தபோது, உறவுக்காரப் பெண்கள் மூவர் பேறுகாலத்தில் ஒருவர்பின் ஒருவராக இறந்துபோனார்கள். ஊரில் டாக்டர் இல்லை. படித்து டாக்டராகி, பிரசவம் பார்க்கும் மருத்துவராக வேண்டும் என்ற முடிவு அப்போதே அவர் மனத்தில் விழுந்தது. மதுரை அமெரிக்கன் கல்லூரியில் வேதியியல் படித்தார். பிறகு சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து 1944-இல் மருத்துவப் படிப்பை முடித்தார். ராணுவ மருத்துவப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தார்.

அதன் பிறகு எல்லாம் தலைகீழானது. 30 வயதில் கடுமையான முடக்குவாதம் தாக்கியது. ஓராண்டுக்கும் மேலாகப் படுத்த படுக்கை. ராணுவ வேலை போயிற்று. எழுந்து நடக்கத் தொடங்கியபோது, விரல்கள் நிரந்தரமாகக் கோணிப்போயிருந்தன. பேனாவைப் பிடிப்பதே பாடாக இருந்தது. அந்தக் கைகளைக்கொண்டு பிரசவம் பார்க்க முடியாது. சிறுவயது முதல் சுமந்துவந்த கனவு அங்கே முடிந்தது.

எஸ்.பி.எம். முடிவு வந்த மறுநாளே வாழ்க்கை முடிந்துவிட்டதாக நினைக்கும் பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். நானும் ஒரு காலத்தில் அப்படி உட்கார்ந்திருந்தவன்தான். வெங்கடசாமி என்ன செய்தார் என்று பாருங்கள். மீண்டும் மாணவரானார். கண் மருத்துவம் படித்து 1951-இல் தகுதி பெற்றார். கோணிய விரல்களுக்குப் பொருந்தும்படி கருவிகளை அமைத்துக்கொண்டு, கத்தியைப் பிடிக்கப் புதிதாகப் பழகினார். உடம்பிலேயே மிக நுணுக்கமான அறுவை கண்ணில் செய்வது. வளைந்த விரல்களோடு அவர் தேர்ந்தெடுத்தது அதைத்தான். ஒரே நாளில் நூறு பேருக்கு அறுவை செய்யும் அளவுக்குத் தேறினார். வாழ்நாளில் ஒரு லட்சத்துக்கும் அதிகமான கண் அறுவைகளைச் செய்தார்.

திரும்பி வராதவர்கள்

1956-இல் மதுரை மருத்துவக் கல்லூரியின் கண் பிரிவுக்குத் தலைவரானார். எர்ஸ்கின் அரசு மருத்துவமனையில் கண் அறுவை மருத்துவராகவும் இருந்தார். கிராமங்களில் கண்பார்வை இழந்து கிடந்தவர்களில் மிகப் பலருக்குக் காரணம் கண்புரைதான் என்று அங்கே கண்டார். அறுவை செய்தால் பார்வை திரும்பிவிடும். ஆனால் அவர்கள் மருத்துவமனைக்கு வரவில்லை. பஸ்ஸுக்குக் காசு வேண்டும். கூட வருபவருக்கு ஒரு நாள் கூலி போகும். வீட்டில் ஆடு மாட்டையும் பேரப்பிள்ளையையும் பார்க்க ஆள் வேண்டும். இவற்றோடு, வயதானால் கண் போவது இயல்புதான் என்ற எண்ணமும் சேர்ந்துகொண்டது.

இதைப் படித்தபோது எனக்கு எங்கள் தோட்டம்தான் நினைவுக்கு வந்தது. நம் அரசு மருத்துவமனைகளில் கட்டணம் ஒரு ரிங்கிட், ஐந்து ரிங்கிட்தான். ஆனால் அங்கே போய்ச் சேர்வதற்குக் கார் வேண்டும், விடுப்பு எடுக்க ஒரு பிள்ளை வேண்டும். அம்மா மூன்று ஆண்டுகள் காத்திருந்ததற்குப் புரை முற்றவில்லை என்பது மட்டும் காரணமில்லை. என் வேலையைக் கெடுக்கக் கூடாது என்று அவர் நினைத்ததும் ஒரு காரணம். பிறகுதான் அதைச் சொன்னார்.

நோயாளி வரவில்லையென்றால் டாக்டர் போக வேண்டும் என்று வெங்கடசாமி முடிவு செய்தார். 1960-களில் ஊர் ஊராகக் கண் முகாம்கள் நடத்தினார். இன்று வந்தவர் நாளைக்கும் வருவார் என்று நம்ப முடியாது. ஆகவே வந்த ஒரே தடவையில் அவருக்குச் செய்யக்கூடியது எல்லாவற்றையும் செய்துவிட வேண்டும். அவருடைய வேலை முழுவதிலும் இந்த எண்ணம் ஓடுவதாக எனக்குத் தோன்றியது. 1973-இல் இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கியது.

பதினொரு படுக்கைகள்

1976-இல் அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றார். கையில் பெரிய பணம் இல்லை. திருமணம் செய்துகொள்ளவில்லை. தம்பி தங்கைகளின் குடும்பங்கள்தான் அவருடைய குடும்பம். அவர்கள் வீட்டை அடமானம் வைத்தார்கள், நகைகளைக் கொடுத்தார்கள். மதுரையில் ஒரு வீட்டில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனை தொடங்கியது. ஸ்ரீ அரவிந்தர்மீது அவர் கொண்டிருந்த பற்றினால் அந்தப் பெயர். கண் மருத்துவரான தங்கை டாக்டர் நாச்சியாரும், அவர் கணவர் டாக்டர் நம்பெருமாள்சாமியும் தொடக்கம் முதல் உடன் நின்றார்கள்.

அந்த 11 படுக்கைகளில் ஒரு பகுதி பணம் கட்டுவோருக்கு, மீதி பணம் இல்லாதவர்களுக்கு. பணம் கட்டியவர்களின் வருமானத்தில் பணமில்லாதவர்களின் அறுவையும் நடந்தது. இரு சாராருக்கும் டாக்டர்கள் அதே டாக்டர்கள்தான். அமெரிக்கா சென்றிருந்தபோது, மெக்டோனல்ட்ஸ் உணவகம் எந்த ஊரிலும் ஒரே தரத்தில், ஒரே முறையில் உணவு தருவதைக் கவனித்தார். கண் அறுவையை மட்டும் ஏன் அப்படி ஒழுங்குபடுத்த முடியாது என்று யோசித்தார்.

அந்த யோசனை இப்படிச் செயலுக்கு வந்தது. அறுவை அறையில் மேசைகளை அடுத்தடுத்துப் போட்டார்கள். டாக்டர் ஒருவருக்கு அறுவையை முடிக்கும்போதே அடுத்தவர் பக்கத்து மேசையில் தயாராக இருப்பார். கண்ணைச் சோதிப்பது, அளவெடுப்பது, மருந்திடுவது போன்ற வேலைகளைப் பயிற்சி பெற்ற கிராமத்துப் பெண்கள் கவனித்தார்கள். டாக்டர் மட்டுமே செய்யக்கூடியதை மட்டும் டாக்டர் செய்தார். அவர் உயிரோடு இருந்தபோதே தேனி, திருநெல்வேலி, கோயம்புத்தூர், புதுச்சேரி என்று மருத்துவமனைகள் பெருகின. அங்கே சிகிச்சை பெற்றவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் இலவசமாகவோ குறைந்த கட்டணத்திலோ பார்வை பெற்றார்கள்.

அடுத்த தடை லென்ஸ். பழைய முறையில் புரையை எடுத்துவிட்டுத் தடித்த கண்ணாடி கொடுப்பார்கள். கண்ணாடி உடைந்தால் மீண்டும் இருட்டுதான். கண்ணுக்குள்ளேயே செயற்கை லென்ஸ் பொருத்தும் முறையை ஹரோல்ட் ரிட்லி 1949-இல் லண்டனில் தொடங்கி வைத்தார். ஆனால் பல ஆண்டுகள் கழித்தும் அந்த லென்ஸ் ஒன்றின் விலை நூறு டாலர் அளவில் இருந்தது. ஏழைக்கு அது எட்டாது. 1992-இல் அரவிந்த் மதுரையிலேயே ஆரோலேப் என்ற தொழிற்கூடத்தைத் தொடங்கி, பத்து டாலர் அளவில் லென்ஸ் தயாரித்தது. பின்னர் விலை இன்னும் குறைந்து, உலகின் பல நாடுகளுக்கும் அந்த லென்ஸ் போனது.

வாய்க்காலும் வடிகாலும்

இனி அம்மாவின் கேள்விக்கு வருகிறேன். கண்புரையும் கண் அழுத்த நோயும் வேறு வேறு. புரை என்பது கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் மங்கிப்போவது. அதை எடுத்துவிட்டுப் புது லென்ஸ் வைத்தால் பார்வை திரும்பும். கண் அழுத்த நோயில் கெடுவது பார்வை நரம்பு. அது செத்துவிட்டால் எந்த அறுவையாலும் திரும்பாது. எஞ்சியிருப்பதைக் காப்பாற்ற மட்டுமே முடியும்.

அந்த நோய் எப்படி வருகிறது? தஞ்சோங் காராங் பக்கத்து நெல் வயல்களைப் பார்த்தவர்களுக்கு இது எளிதாகப் புரியும். வயலுக்குத் தண்ணீர் வர வாய்க்கால் உண்டு, வெளியேற வடிகால் உண்டு. வரும் நீர் வந்துகொண்டே இருக்க, வடிகால் அடைபட்டால் வயலில் நீர் ஏறும். கண்ணுக்குள்ளும் ஒரு தெளிந்த நீர் இடைவிடாமல் சுரக்கிறது. கருவிழியின் ஓரத்தில் சல்லடை போன்ற திசு இருக்கிறது. அதன் வழியாக அந்த நீர் ஒரு நுண்ணிய கால்வாய்க்குள் வடிகிறது. சல்லடை அடைபட்டால் கண்ணுக்குள் அழுத்தம் ஏறி நரம்பை நசுக்கும். சாதாரணமாகக் கண் அழுத்தம் 10 முதல் 21 மில்லிமீட்டர் பாதரச அளவுக்குள் இருக்கும். அழுத்தம் இந்த அளவுக்குள் இருந்தும் நரம்பு கெடுபவர்கள் உண்டு. அதனால் அழுத்தத்தை மட்டும் அளந்தால் போதாது, நரம்பையும் பார்க்க வேண்டும்.

பெரும்பாலும் வலி இருக்காது. முதலில் ஓரப் பார்வைதான் போகும். நேரே பார்ப்பது கடைசிவரை தெரிவதால், நோய் இருப்பதே தெரியாது. அம்மா கதவு நிலையில் இடித்துக்கொண்டதன் பொருள் எனக்கு அப்போதுதான் விளங்கியது.

தென் தமிழ்நாட்டுக் கிராமங்களில் 40 வயதுக்கு மேற்பட்ட 5,150 பேரை அரவிந்த் மருத்துவமனை சோதித்து, 2003-இல் முடிவுகளை வெளியிட்டது. கண் அழுத்த நோய் இருந்தவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் அதுவரை தங்களுக்கு அந்த நோய் இருப்பதே தெரியாதவர்கள். அப்படியானால் புரைக்காக வருகிறவரிடம் இந்த நோயையும் தேட வேண்டும். கண்டுபிடித்தால், அவர் வந்த அந்த ஒரு தடவையிலேயே என்ன செய்யலாம் என்றும் யோசிக்க வேண்டும்.

இரண்டையும் சேர்த்துச் செய்வது புதிதல்ல. 1960-களின் இறுதியில், கண்ணின் வெள்ளைப் பகுதியில் நீர் வடியப் புதுவழி திறக்கும் அறுவை பரவியது. அதைப் புரை அறுவையோடு சேர்த்துச் செய்தவர்கள் உண்டு. அது அழுத்தத்தை நன்றாகக் குறைக்கும். ஆனால் பெரிய வேலை. ஆற நாளாகும், பலமுறை டாக்டரிடம் போக வேண்டும், ஆண்டுகள் கழித்தும் கிருமி தொற்றும் அபாயம் உண்டு. நோய் முற்றியவர்களுக்கு இன்றும் அதுதான் பெரிதும் கைகொடுக்கிறது.

வெங்கடசாமியின் மறைவுக்குப் பிறகு பரவலாக வந்தது சிறு திறப்பு முறை. புரையை எடுக்கக் கருவிழியின் ஓரத்தில் இரண்டு, மூன்று மில்லிமீட்டர் அளவுக்கு ஒரு திறப்பு போடுவார்கள். அந்த வழியாகவே கருவியை எதிர்ப்பக்கம் நீட்டி, அடைபட்ட சல்லடையில் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் நீளமுள்ள டைட்டானியக் குழாயைப் பொருத்துவார்கள். அல்லது அந்தச் சல்லடையின் ஒரு பகுதியைக் கீறித் திறந்துவிடுவார்கள். புதிய வடிகால் தோண்டுவதில்லை, இருக்கும் வடிகாலைத் தூர்வாருவதுதான். ஐஸ்டென்ட் என்ற அத்தகைய குழாயைப் புரை அறுவையோடு சேர்த்துப் பொருத்த அமெரிக்க அரசு 2012-இல் அனுமதி அளித்தது. குழாய் விலை அதிகம் என்பதால், ஊசியின் முனையை வளைத்தே சல்லடையைக் கீறும் மருத்துவர்களும் இருக்கிறார்கள். இதைப் படித்தபோது, தன் விரல்களுக்கேற்பக் கருவிகளை அமைத்துக்கொண்ட வெங்கடசாமிதான் என் நினைவில் வந்தார்.

சேர்த்துச் செய்வதில் இன்னொரு நியாயமும் உண்டு. வயதில் தடித்துப்போன லென்ஸ் சிலருக்கு அந்த வடிகாலையே நெருக்கிக்கொண்டு நிற்கும். அதை எடுத்தாலே அழுத்தம் ஓரளவு இறங்கும். சல்லடையையும் திறந்துவிட்டால் இன்னும் கொஞ்சம் இறங்கலாம். தினமும் விடும் சொட்டு மருந்து குறையலாம். கை நடுங்கும் முதியவருக்கு, மருந்து வாங்கிக் கொடுக்க ஆள் இல்லாதவருக்கு, அது சிறிய உதவியல்ல.

இதன் எல்லையையும் தெரிந்துகொள்ள வேண்டும். நோய் தொடக்க நிலையிலோ நடுநிலையிலோ இருப்பவர்களுக்குத்தான் இந்த முறை ஏற்றது. போன பார்வையை இது திருப்பித் தராது. கண்ணுக்குள் சிறிது இரத்தம் கசியலாம், அது பெரும்பாலும் சில நாளில் வடிந்துவிடும். அறுவை முடிந்தாலும் ஆயுள் முழுவதும் சோதனைக்குப் போய்வர வேண்டும். முற்றிய நோய்க்கு நீர் வடிக்கும் பெரிய குழாய் ஒன்றை ஆரோலேப் பின்னாளில் குறைந்த விலையில் செய்தது. லென்ஸில் அவர்கள் தொடங்கிய வழி அங்கேயும் தொடர்ந்தது.

அம்மாவின் முடிவு

இவற்றையெல்லாம் ஒரு மாலை அம்மாவிடம் சொன்னேன். மருத்துவச் சொற்களை விட்டுவிட்டு, வாய்க்காலையும் வடிகாலையும் வைத்துத்தான் சொன்னேன். மணலில் எழுதிப் படித்த பையனின் கதையையும் சொன்னேன். விரல் கோணிப்போன மனிதர் எப்படிக் கண்ணில் கத்தி வைத்தார் என்பதில்தான் அவர் மனம் நின்றது. வெகுநேரம் தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பால் வாளியும் பழச் சாக்கும் தூக்கிக் காய்த்துப்போன கைகள். பிறகு, செய்துகொள்கிறேன் என்றார்.

அறுவை நடந்து முடிந்தது. மறுநாள் கட்டைப் பிரித்தபோது பார்வை சற்று மங்கலாகவே இருந்தது. ஒரு வாரத்தில் தெளிந்தது. அழுத்தம் இறங்கியிருக்கிறது. முன்பு இரண்டு சொட்டு மருந்துகள், இப்போது ஒன்று. வலது கண் இருட்டாகவே இருக்கிறது, அது அப்படியேதான் இருக்கும். இடது கண்ணால் தமிழ் நாளிதழின் தலைப்புகளை வாசிக்கிறார். நான்கு மாதத்துக்கு ஒருமுறை அழைத்துப் போகிறேன். என் வேலை கெடுமே என்று இப்போது அவர் சொல்வதில்லை, சொல்ல நான் விடுவதும் இல்லை.

டாக்டர் வெங்கடசாமி 2006 ஜூலை 7-ஆம் தேதி மதுரையில் காலமானார். பிரசவம் பார்க்கும் மருத்துவராக அவர் ஆகவே இல்லை. அந்தக் கனவு போன இடத்தில் உட்கார்ந்துவிடாமல், கோணிய கையால் என்ன செய்ய முடியும் என்று தேடினார். எஸ்.பி.எம்., எஸ்.டி.பி.எம். முடித்து அடுத்து என்ன என்று யோசிக்கும் பிள்ளைகளுக்கு இதைவிடப் பெரிய அறிவுரை என்னிடம் இல்லை. டாக்டராகத்தான் வேண்டும் என்பதும் இல்லை. அவருடைய மருத்துவமனையில் கண்ணை அளந்த கிராமத்துப் பெண்களும், லென்ஸ் செய்த தொழிற்கூடத்தாரும் இல்லையென்றால் அவரால் அத்தனை பேருக்குப் பார்வை கொடுத்திருக்க முடியாது.

ஒன்றை மட்டும் கேட்டுக்கொள்கிறேன். உங்கள் வீட்டில் 40 வயதைத் தாண்டியவர்களைக் கண் சோதனைக்கு அழைத்துச் செல்லுங்கள். புரை முற்றட்டும் என்று காத்திருக்க வேண்டாம். கண் அழுத்த நோய் பெற்றோருக்கோ உடன்பிறந்தோருக்கோ இருந்தால் நமக்கும் வரும் வாய்ப்பு கூடுதல். அம்மாவின் டாக்டர் அதைச் சொன்ன அன்றே நானும் ஒரு தேதி வாங்கிக்கொண்டேன். அடுத்த மாதம் அம்மாவின் சோதனை நாளில் என் கண்களையும் பார்க்கப்போகிறார்கள். அன்று ஒரே பயணத்தில் இரண்டு வேலைகளும் முடிந்துவிடும்.